நிமிஷத்துக்கு எட்டு

என் அக்கா மகனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இன்றைக்கும் சொல்வேன். சொல்லி முடித்த கையோடு கெட்டதாக நாற்பது வார்த்தையும் சொல்வேன். இரண்டையும் கேட்கப் பொறுமை இருந்தால் உட்காருங்கள். இல்லையென்றால் கிளம்புங்கள், எனக்கும் தைக்க வேண்டியது மலையாகக் கிடக்கிறது.

வீட்டில் அவனுக்குப் பெயர் ஸ்பானர். என் வீட்டுக்காரர் வைத்த பெயர். நாலாம் வகுப்பு படிக்கும்போது லீவுக்கு வந்திருந்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் தையல் மெஷினைக் கழற்றித் தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தான். எனக்குச் சோறு போடுகிற மெஷின். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். "இரு சித்தி, மாட்டிடறேன்" என்றான். மாட்டியும்விட்டான். ஒரு திருகு மட்டும் மிச்சமாகக் கையில் இருந்தது. "இது எந்த இடத்துதுடா?" என்றால் கொஞ்சம்கூட அசராமல், "ஓடுதுல்ல?" என்றான். மிதித்துப் பார்த்தேன், ஓடத்தான் செய்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது அரைகுறையாக முடிந்தாலும், யாராவது "ஓடுதுல்ல?" என்று சொல்லிச் சிரிப்போம். அந்தத் திருகு இன்னும் என் நூல் டப்பாவில் கிடக்கிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் பிள்ளை. மெக்கானிக்கல் இஞ்சினியரிங்கில் அவனுக்கு இடம் கிடைத்த அன்றைக்கு என் அக்காவைவிட நான்தான் அதிகம் குதித்தேன். என் வீட்டுக்காரர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்க ஸ்பானர் இஞ்சினியராகப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கமே இல்லாத மனுஷன்.

மூன்றாம் வருஷம் முடிந்து இன்டர்ன்ஷிப் போக வேண்டும் என்றார்கள். எந்தக் கம்பெனியும் அவனைச் சீந்தவில்லை. என் வீட்டுக்காரர்தான் போர்மேனின் கையைக் காலைப் பிடித்து, தான் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே இடம் வாங்கிக் கொடுத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். இருப்பது ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும்தான். என் மெஷினைச் சுவரோரமாகத் தள்ளி அவனுக்குப் படுக்க இடம் பண்ணினேன். சித்தப்பாவும் மகனும் ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே டிபன் கேரியரில் சோறு கொண்டுபோனார்கள்.

அது கதவுக் கீல் செய்கிற கம்பெனி. எங்கள் வீட்டுக் கதவில் இருக்கிற கீலும் அங்கே அடித்ததுதான். என் வீட்டுக்காரர் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். தகட்டை உள்ளே வைத்தால், மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வெட்டி வளைத்துவிடும். அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு, கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

இப்போது சொல்லப்போவது எனக்கு அப்போது தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. ஆனால் உங்களுக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்திருப்பார்களாம். வலது பட்டனை அழுத்தி, விளிம்பில் அந்தக் கட்டையைச் செருகிவிட்டால் பட்டன் அழுந்தியபடியே நிற்கும். பிறகு இடது கை மட்டும் பட்டனைத் தட்டும், வலது கை தகட்டை வைத்து வைத்து எடுக்கும். வேலை பறக்கும். அன்றைய கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போய்ச் சீட்டாடலாம், காலை நீட்டிப் படுக்கலாம். போர்மேனுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். பேனாவும் பேப்பருமாக எவனாவது வந்தால் மட்டும் கட்டை சட்டைப் பைக்குள் போய்விடும், எல்லோரும் இரண்டு கையாலும் பதவிசாக ஓட்டுவார்கள். வந்தவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் கட்டையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். என் வீட்டுக்காரர் ஒன்றும் உத்தமர் இல்லை. சீட்டாட்டத்தில் முதல் ஆள் அவர்தான்.

நம்ம இஞ்சினியருக்கு அங்கே கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு மெஷினும் நிமிஷத்துக்கு எத்தனை கீல் அடிக்கிறது என்று எழுதி, எப்படிக் கூட்டலாம் என்று யோசனை சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ரிப்போர்ட், சர்டிபிகேட் எல்லாம்.

சித்தப்பாவின் மெஷின் முன்னால்தான் முதலில் போய் நின்றான். கட்டை பைக்குள் போய்விட்டது. மனுஷர் இரண்டு கையாலும் ஒழுங்காக ஓட்டிக் காட்டினார். நிமிஷத்துக்கு எட்டு. மற்ற மெஷின்களிலும் அதே எட்டுத்தான். இவன் எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போனான். அவர் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "இது எனக்குத் தெரியாதா? புதுசா ஏதாவது கண்டுபிடி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் முகம் சுருங்கிக் கிடந்தது. "என்னடா, வேலை பிடிக்கலையா?" என்றேன். "ஒண்ணும் இல்ல சித்தி" என்றான். "சித்தப்பா, உங்களுக்கு வேலை எப்படிப் போகுது?" என்று அவரைக் கேட்டான். "வேலைதான், போகுது" என்றார் அவர். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊமைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன் என்று எனக்கென்ன தெரியும்?

டீ குடிக்கிற அறை என் வீட்டுக்காரரின் மெஷினுக்கு அடுத்த பக்கம் இருந்தது. நடுவில் ஒரு சுவர். ஒருநாள் அவன் டீ வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறான். மெஷின் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கிளாஸில் டீ ஒரு தடவை அதிர்ந்திருக்கிறது. வேடிக்கை பார்த்தவன் எண்ண ஆரம்பித்திருக்கிறான். நிமிஷத்துக்குப் பதினாலு. மறுபடி எண்ணியிருக்கிறான், பதினாலுதான். என் கண்முன்னால் எட்டு ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் பதினாலு ஓட்டுகிறார், என்னிடமே நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அடுத்து வந்த நாள் எல்லாம் டீ ரூமிலேயே தவம் கிடந்து, கிளாஸைப் பார்த்துப் பார்த்து எழுதினான்.

எழுந்து அந்தச் சுவரைச் சுற்றிப்போய்த் தலையை நீட்டிப் பார்த்திருந்தால் கட்டை கண்ணில் பட்டிருக்கும். போகவில்லை பாவி. வீட்டுக்கு வந்தாவது, "சித்தப்பா, எப்படிப் பதினாலு வருது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாராம்! ஒரே பாயில் படுக்கிற மனுஷர்.

ரிப்போர்ட்டை நீல அட்டை போட்டு எழுதி முடித்தான். கடைசியில் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்று ஒரு பக்கம் வேண்டுமாம். என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அதைப் படித்துக் காட்டினான். முதல் பாடம் இன்னும் எனக்கு மனப்பாடம். "தொழிலாளி நம் கண்முன் காட்டும் வேகத்தை நம்பக் கூடாது. அவருக்குத் தெரியாமல் அளக்க வேண்டும்."

"யாருடா அந்தத் தொழிலாளி?" என்றேன்.

"பொதுவா சொல்றது சித்தி."

"நல்லா எழுதியிருக்கேடா" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மேனேஜர் அந்த ரிப்போர்ட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். மேலிடத்துக்கு அனுப்பினார். படிப்பு முடிந்ததும் வேலை இங்கேதான் என்று அவன் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டார். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனான். அவன் போன பின்னாலேயே புது டார்கெட் வந்தது. இனிமேல் ஷிப்ட் முழுக்க நிமிஷத்துக்குப் பதினாலு. குறைந்தால் விளக்கம் கேட்பார்கள்.

முன்னால் கட்டை வைத்து வேகமாக ஓட்டிவிட்டுக் கையை ஆற வைப்பார்கள். இப்போது கட்டை வைத்து ஓட்டவும் வேண்டும், ஆற வைக்கவும் வழியில்லை. இரண்டு கையாலும் ஓட்டினால் கணக்கு வராது, வராது என்று சொல்லவும் முடியாது. சொன்னால், "அப்போ இதுவரைக்கும் எப்படிடா பதினாலு ஓட்டினீங்க?" என்று கேள்வி வரும். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூட மாட்டார், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார். சீட்டாட்டம் நின்றது, கிண்டல் நின்றது. "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றால், "வயசாகுதுல்ல" என்பார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, அழுத்தக்காரர்.

ஒரு மத்தியானம் தெருமுனைக் கடைக்காரர் ஓடி வந்து சொன்னார். நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு ஓடினேன். இடது கை பழக்கத்தில் தட்டிவிட்டதாம், வலது கை அசதியில் இன்னும் உள்ளே இருந்ததாம். நாலு விரலும் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

மறுநாளே அவன் வந்துவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து, டீ கிளாஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். மரக்கட்டை விஷயத்தை அவனுக்கே மற்ற தொழிலாளிகள் அன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் பார்க்கவே இல்ல சித்தி. டீ அதிர்றதத்தான் எண்ணினேன்."

பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள். அப்புறம் அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு நானும் அழுதேன். வேறென்ன செய்ய? வளர்த்த பாசம்.

கம்பெனி விசாரணை வைத்தது. அவர்கள் பேச்சு இதுதான்: கட்டை வைத்தது தொழிலாளியின் தப்பு, அதனால் வேலையும் கிடையாது, நஷ்ட ஈடும் கிடையாது. எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு பிடி இருந்தது. கட்டை வைக்காமல் பதினாலு வராது, அதைக் கேட்டது கம்பெனிதான். இதைத் தொழிலாளி சொன்னால் யார் காதில் ஏறும்? அளந்தவன் சொல்ல வேண்டும். "நான் மெஷினைப் பார்த்து அளக்கவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதிர்வை எண்ணினேன்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் ரிப்போர்ட் குப்பைக்குப் போகும், அவனுக்குச் சொன்ன வேலையும் போகும். எங்களுக்குப் பிழைக்க வழி கிடைக்கும்.

"சொல்லிடறேன் சித்தி. சத்தியமா சொல்லிடறேன்" என்றான். என் வீட்டுக்காரருக்கும் சந்தேகமே இல்லை. "அவன் சொல்லுவான்டி. நம்ம ஸ்பானர்" என்றார்.

விசாரணைக்கு முந்தின நாள் என் அக்கா போன் பண்ணினாள். நலம் விசாரித்தாள், அழுதாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"போன விரல் திரும்பி வரப்போகுதாடி? என் புள்ள வேலையாவது நிக்கட்டுமே."

"உன் புள்ள வேலை நிக்கறதுக்கு என் புருஷன் தெருவுல நிக்கணுமா?"

"அவன் தலையெடுத்தா உங்களைப் பார்த்துக்க மாட்டானா? நீயும் அவனுக்குத் தாய் மாதிரிதானே?"

"தாய் மாதிரிங்கறதாலதான் கன்னத்துல அடிச்சதோட விட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இவன் சொல்வானா என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

என் வீட்டுக்காரரால் பேனா பிடிக்க முடியாது என்று என்னையும் உள்ளே விட்டார்கள். நீளமான மேஜை. அந்தப் பக்கம் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும். இந்தப் பக்கம் நாங்கள். ஓரத்தில் ஒரு நாற்காலியில் அவன். முழுக்கைச் சட்டை, நான் தைத்துக் கொடுத்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "கட்டை வெச்சது நான்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா வெக்காம அந்தக் கணக்கு வராதுங்க. தம்பியக் கேளுங்க, அவர்தான் அளந்தவர்" என்றார். வீட்டில் 'டா' போட்டுக் கூப்பிடுகிறவர், அங்கே 'அவர்' என்றார்.

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "நீ அளந்தப்போ இவங்க எப்படி ஓட்டினாங்க? நேர்ல பார்த்தியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன்.

"பார்த்தேன் சார். ரெண்டு கையாலயும்தான் ஓட்டினாங்க."

"பதினாலு வந்ததா?"

"வந்தது சார்."

"டேய்! டீ கிளாஸப் பார்த்து எண்ணினேன்னு என் மடியில படுத்துச் சொன்னியேடா!" என்று கத்திவிட்டேன். "அம்மா, நீங்க பேசக் கூடாது. மறுபடி பேசினா வெளிய அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார் ஒருத்தர். என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வேலை போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கம்பெனி கொடுத்தது, அதையும் பெரிய தர்மம் மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் என் மெஷின்தான் எங்கள் இருவருக்கும் சோறு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் துணியை இடுக்கிக்கொண்டு, இடது கையால் பிசிறு நூலை வெட்டுவார். சில நேரம் நான் வேகமாக மிதித்தால், "மெதுவாடி, மெதுவா" என்று பதறுவார்.

படிப்பு முடிந்து அவன் அதே கம்பெனியில் இஞ்சினியராகச் சேர்ந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். நான் கதவை மறித்து நின்றேன். "விடு, வரட்டும்" என்றார் உள்ளேயிருந்து. வந்து, பழைய மாதிரியே தரையில் உட்கார்ந்தான்.

"சித்தப்பா, அந்த மெஷின்ல புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். கட்டை வெச்சு ஒரு பட்டனை அழுத்தி வெச்சா இனிமே ஓடாது. ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் விட்டுட்டு, ரெண்டையும் சேர்த்து அழுத்தணும். எல்லா மெஷினுக்கும் போட்டாச்சு. இனிமே யாருக்கும் இப்படி ஆகாது."

"கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்றேன் நான்.

அவர் என்னைக் கையமர்த்தினார். முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்திருந்தது. "ஒரு கை முன்ன, ஒரு கை பின்ன அழுத்தினா?" என்று கேட்டார்.

"ஓடாது சித்தப்பா. அரை செகண்டுக்குள்ள ரெண்டும் விழணும்."

"பரவால்லையேடா" என்று தலையாட்டினார். "நல்லதுதான். அப்போ இப்ப நிமிஷத்துக்கு எவ்வளவு விழுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். அதுவரைக்கும் அவனுக்கே அது உறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"சொல்லேன்டா."

"எட்டு."

அவர் சிரித்தார். "அதத்தானேடா அன்னைக்கு உன் முன்னாடி நின்னு ஓட்டிக் காட்டினேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவன் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"ரிப்போர்ட்ல கடைசியா பாடம்னு ஒண்ணு எழுதினியாமே, உங்க சித்தி சொன்னா. அதை மாத்திட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா. காலேஜ்ல இருக்கு. நல்லா எழுதியிருக்குன்னு மாதிரிக்கு வெச்சிருக்காங்க. ஜூனியர் பசங்க அதப் பார்த்துத்தான் எழுதறாங்க."

"போய் மாத்தச் சொல்றதுதானே?" என்றேன்.

"மாத்தினா காரணம் கேப்பாங்க சித்தி."

"ஓடுதுல்ல? அது போதும் உனக்கு" என்றேன். "எழுந்திரு. போ."

அவன் எழுந்தான். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை, சட்டைக் கையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைத் தேடிக்கொண்டிருந்தார். பழப்பையை அவன் கையிலேயே திணித்து அனுப்பினேன். பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ, இவனை என்னால் முடியவில்லை. அவன் படியிறங்குகிற சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன், மெதுவாகவே மிதித்தேன்.